என்ன வரவில்லை என்று சொல்லத் தெரிந்த பிறகு

கடல்பாசி இனிப்பு சாப்பிட்டிருப்பீர்கள். டிஎன்ஏவைப் பிரித்துப் பார்க்க லேபில் ஊற்றும் அகரோஸ் ஜெல்லும் அதே வகைப் பாசியிலிருந்து எடுப்பதுதான். ஒரு தட்டில் மெல்லிசாக உறைந்து கிடக்கும், ஒரு ஓரத்தில் சீப்பை அழுத்தி எடுத்த மாதிரி வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும், திரவத்தைத் துளித்துளியாக அளந்து விடும் பைப்பெட் என்ற கருவியின் நுனியை இறக்கி, நீலச் சாயம் கலந்த திரவத்தை 10 மைக்ரோலிட்டர் விட வேண்டும். நுனி குழியின் அடியைத் தொட்டால் ஜெல் கிழிந்துவிடும், கொஞ்சம் மேலே விட்டால் சாயம் தண்ணீரில் புகை மாதிரிக் கலைந்துவிடும், கட்டைவிரலால் சட்டென்று அழுத்தினால் காற்றுக் குமிழி வந்து எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடும்.

இங்கிலாந்தில் முதுகலை சேர்ந்த மூன்றாவது வாரம் எட்டுக் குழிகளில் ஐந்தைக் கிழித்துவிட்டேன். பக்கத்து மேசைப் பையன் அதுவரை பைப்பெட்டையே அதிகம் தொட்டதில்லை, மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டான். நானோ தமிழ்நாட்டில் நான்கு வருடம் பயோடெக்னாலஜி படித்து, கடைசி செமஸ்டர் முழுக்க லேபில் புராஜெக்ட் செய்து, கல்விக் கடன் வாங்கி அங்கே போய் நின்றவள்.

லேப் டெக்னீஷியனாக இருந்த அம்மையாருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், எல்லோரும் போன பிறகு பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "ஒவ்வொரு குழியையும் நீ முதல் தடவை செய்வது போலவே செய்கிறாய். மற்றவர்களுக்கு நாலாவது குழியில் கை தானாகப் போக ஆரம்பித்துவிடும். உனக்கு எட்டாவதிலும் யோசித்து யோசித்துத்தான் போகிறது. டிஸ்ப்ராக்ஸியா இருக்கிறதா என்று யாராவது உன்னைப் பார்த்திருக்கிறார்களா?" அவருடைய மகனுக்கு அது இருக்கிறதாம்.

அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். எனக்கு வயது 23.

அறைக்குப் போய் ராத்திரி முழுக்கப் படித்தேன். படிக்கப் படிக்க என் சின்ன வயசு ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. எங்கள் ஊர் திருச்சிப் பக்கம். மார்கழியில் தெருவே கோலமாக இருக்கும்போது எங்கள் வாசலில் மட்டும் நான் வைத்த புள்ளி வரிசை சாய்ந்து கிடக்கும், அம்மா வந்து அழித்துவிட்டுத் திரும்பப் போடுவார். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை எனக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிட்டது அம்மாதான். பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த விலையில்லா சைக்கிளை நான் ஒரு நாள்கூட ஓட்டவில்லை, அண்ணன்தான் ஓட்டினான். தண்ணீர்ச் செம்பை வைக்கப் போனால் மேசையின் விளிம்பு நான் நினைத்த இடத்தில் இருக்காது. "கையில பிடிப்பே இல்ல இவளுக்கு" என்று வீட்டில் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரிச் சொன்னார்கள். நன்றாகப் படிக்கிற பெண், ஆனால் அலட்சியம்.

அந்த "அலட்சியம்" என்ற வார்த்தைதான் கல்லூரி முழுக்க என் கூடவே வந்தது. பொறியியல் முதல் வருடம் படித்தவர்களுக்கு இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் என்றால் என்னவென்று தெரியும். இயந்திரப் பாகங்களைக் கையால் வரையும் பாடம் அது. போர்டில் டிராஃப்டர் என்ற அளவுகோல் கருவியை மாட்டி, ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் கோடு போட வேண்டும். வரைய வேண்டிய வடிவத்தை என்னால் மனசுக்குள் திருப்பிப் பார்க்க முடிந்தது, எந்தக் கோடு எங்கே வரும் என்று வாயால் சொல்லவும் முடிந்தது, தாளில் மட்டும் வரவில்லை. இரண்டு அரியர். வொர்க்‌ஷாப்பில் இரும்புத் தகட்டை அரம் வைத்து ராவி இரண்டு துண்டும் பொருந்துகிற மாதிரி ஃபிட்டிங் செய்ய வேண்டும், என்னுடையது ஒருநாளும் பொருந்தவில்லை. ரெக்கார்டு நோட்டு எழுத மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் என்றால் எனக்கு மூன்று மணி நேரம். செமஸ்டர் தேர்வு மூன்று மணி நேரத்தில் இரண்டாவது மணி நேரத்திலிருந்தே விரல் இறுகிப்போய்விடும், தெரிந்த பதிலையும் பாதியில் விட்டுவிட்டு வருவேன். இதையெல்லாம் சோம்பல் என்றுதான் நானும் நம்பினேன். இன்னும் கொஞ்சம் கவனமாக இருந்தால் வந்துவிடும் என்று நான்கு வருடம் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

கவனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டிஸ்ப்ராக்ஸியாவுக்கு மருத்துவத்தில் வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாடு என்று பெயர், சுருக்கமாக டிசிடி. தசை பலவீனமாக இருப்பதில்லை, அறிவும் குறைவதில்லை. ஒரு அசைவைத் திட்டமிட்டு, வரிசைப்படுத்தி, பழகப் பழகத் தானாக நடக்கிற மாதிரி ஆக்கிக்கொள்வதில்தான் சிக்கல். நூறு குழந்தைகளில் ஐந்து பேர் அளவுக்கு இருக்கலாம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள், பெரியவர்களான பிறகும் பலருக்கு அது போவதில்லை. 1970களில் மருத்துவ எழுத்துகளிலேயே "தடுமாறும் குழந்தை" என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். கையோடு நிற்பதும் இல்லை. இரண்டு மூன்று வேலைகளை எந்த வரிசையில் செய்வது, ஒரு இடத்துக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும், வாயால் சொன்ன ஐந்து படிகளில் நான்காவது எது, இதிலெல்லாம் நான் தடுக்கி விழுவதற்கும் காரணம் அதுதான்.

சரி, பெயர் தெரிந்துவிட்டது. பெயர் தெரிந்தால் உதவி தானாக வந்துவிடும் என்று நினைத்தேன், அங்கேதான் தப்பு செய்தேன். இதே நிலையில் ஒரு பிள்ளையோ அந்தப் பிள்ளையின் அம்மாவோ இதைப் படித்தால் உபயோகமாக இருக்கும் என்பதால் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

அங்கே பல்கலைக்கழகங்களில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. சேர்க்கை விண்ணப்பத்திலேயே உங்களுக்கு ஏதாவது குறைபாடு உண்டா என்று ஒரு கட்டம் இருந்தது, இல்லை என்று போட்டிருந்தேன். தெரிந்திருந்தாலும் இல்லை என்றுதான் போட்டிருப்பேன், சீட்டு போய்விடுமோ என்ற பயத்தில். அப்புறம்தான் தெரிந்தது, படிப்பின் நடுவில் எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். மின்னஞ்சல் போட்டேன், இரண்டு வாரம் கழித்து ஒரு சந்திப்பு, அதில் ஒரு கேள்வித்தாள், அதைப் பார்த்துவிட்டு முழு மதிப்பீட்டுக்கு அனுப்பினார்கள். செலவில் பாதியைப் பல்கலைக்கழகம் ஏற்றது. மீதிப் பாதிக்கு நான் ஒரு மாதம் வார இறுதியில் கடையில் நின்றேன்.

மதிப்பீடு ஏறக்குறைய மூன்று மணி நேரம். கட்டைகளை அடுக்குவது, எண்களைத் திருப்பிச் சொல்வது, குறியீடுகளை வேகமாகப் பொருத்துவது, அப்புறம் கையெழுத்து வேகத்துக்கென்றே ஒரு சோதனை. ஒரே வாக்கியத்தை அழகாக எழுது, அதையே வேகமாக எழுது, கடைசியில் பத்து நிமிடம் விடாமல் எழுது என்பார்கள். சோதித்தவர் முதலில் என்னிடம் கேட்டது தமிழைப் பற்றி. முதலில் எழுதக் கற்ற எழுத்து எது, அதை எழுதும்போதும் இப்படித்தானா? ஆங்கிலம் இரண்டாம் மொழி என்பதால் வருகிற தடுமாற்றத்தையும் கையால் வருகிற தடுமாற்றத்தையும் பிரித்துப் பார்க்கத்தான் கேட்கிறேன் என்றார். தமிழில் "இ"யும் "ஞ"வும் எழுத நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று அவரிடம் சொன்னேன். மூன்றாம் வகுப்பில் "ஞ" சுழிக்க வராமல் நூறு தடவை எழுதியதை ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது கண் கலங்கிவிட்டது. அவர் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

அறிக்கை டிசம்பரில் வந்தது. சொல்லால் யோசிப்பதில் நல்ல உயரத்தில் ஒரு கோடு, கை வேகத்தில் தரையோடு ஒரு கோடு. அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருந்த இடைவெளிதான் என் பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாமே. அன்றைக்கு அம்மாவுக்கு வாட்ஸப்பில் வீடியோ கால் போட்டுச் சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் உன்னைத் திட்டுனதெல்லாம்?" என்றார். உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாதும்மா என்றேன்.

ஜனவரியில் தேர்வு. தேர்வு ஏற்பாடு எதுவாக இருந்தாலும் நவம்பருக்குள் கேட்டிருக்க வேண்டுமாம், என் அறிக்கை வந்ததோ டிசம்பர். ஆகவே இரண்டு மணி நேரத் தேர்வைக் கையாலேயே எழுதினேன், மூன்றாவது கட்டுரையில் ஒரு பக்கம்கூடத் தாண்டவில்லை. தேற 50 வேண்டும், 47 வந்தது. சூழ்நிலையை விளக்கி ஒரு படிவம் கொடுத்தேன், தேர்வுக்கு முன்பே அறிக்கை கையில் இருந்ததே, அப்போதே ஏன் சொல்லவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த நாள் மிகவும் மோசமான நாள். கடன் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, ஊரில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம், இங்கேயும் அரியரா என்று சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவின் ஆலோசகர் என் துறைக்கு ஒரு கடிதம் எழுதிய பிறகுதான் மறுதேர்வை முதல் முயற்சியாகவே எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். கையில் அறிக்கை வராவிட்டாலும், வரப்போகிறது என்று தேதி குறிப்பிட்டு நவம்பரிலேயே ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் இது நடந்திருக்காது. இப்போது யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

எனக்கென்று ஒரு உதவித் திட்டம் எழுதித் துறைக்கு அனுப்பினார்கள். தேர்வில் 25 சதவீதம் கூடுதல் நேரம், கையெழுத்துக்குப் பதில் கணினி, வகுப்பின் ஸ்லைடுகள் முன்கூட்டியே, நூலகப் புத்தகத்துக்குக் கூடுதல் நாள். எல்லாம் நல்லதுதான். ஆனால் நான் தோற்றுக்கொண்டிருந்த இடம் லேப். லேப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அந்தத் திட்டத்தை எழுத உட்கார்ந்த சந்திப்பில் ஆலோசகர் என்னிடம் நேராகவே கேட்டார், "லேபில் உனக்கு என்ன உதவி வேண்டும்?" தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. 23 வருடமாகக் கஷ்டத்தை மறைத்துத்தான் பழக்கம், எடுத்துச் சொல்லிப் பழக்கமில்லை.

வழி காட்டியது கூடப் படித்த தோழி. லண்டனில் வளர்ந்தவள், அப்பா அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், அவளுக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பதில் சிக்கல். பள்ளியிலிருந்தே இந்த அலுவலகங்களோடு பேசிப் பழகியவள். "நீர் கேக்காட்டி ஒருத்தரும் தரமாட்டினம்" என்றாள். சும்மா உதவி வேண்டும் என்று கேட்டால் கையில் இருக்கிற பொதுப்படையான பட்டியலைத்தான் தருவார்கள், ஒரு வாரம் உட்கார்ந்து எங்கே, எந்த நிமிடத்தில், என்ன வரவில்லை என்று எழுது என்றாள்.

எழுதினேன். எழுதக் கை வலிக்கும் என்பதால் செல்போனில் பேசிப் பேசிப் பதிந்தேன். பத்தொன்பது வரி வந்தது. அந்தப் பத்தொன்பது வரிதான் என் படிப்பைக் காப்பாற்றியது என்று இப்போதும் நினைக்கிறேன்.

பைப்பெட்டை எடுத்துக்கொள்வோம். அதன் குமிழுக்கு இரண்டு நிலை உண்டு, முதல் தடையில் நிறுத்தித் திரவத்தை உறிஞ்ச வேண்டும், வெளியே விடும்போது இரண்டாவது தடைவரை அழுத்த வேண்டும். முதல் தடை எங்கே என்று என் கட்டைவிரலுக்குத் தெரிவதில்லை. இதை அப்படியே எழுதிக் காட்டியதும் டெக்னீஷியன் அலமாரியைத் திறந்து ஒரு மின்னணு பைப்பெட்டை எடுத்துக் கொடுத்தார். பொத்தானைத் தொட்டால் போதும், மோட்டார் சரியான அளவை இழுக்கும், சரியான அளவை விடும். இரண்டு வருடமாக யாரும் எடுக்காமல் கிடந்ததாம். கட்டைவிரலின் வேலை போய்விட்டதால் என் கவனம் முழுவதையும் நுனியில் வைக்க முடிந்தது. முழங்கையை மேசையில் ஊன்றி, இடது கையின் ஆள்காட்டி விரலால் பைப்பெட்டின் கழுத்தைத் தாங்கிக்கொள்ளச் சொன்னார். வீட்டுக்குப் போகும் முன் அரை மணி நேரம், வீணாய்ப்போன ஜெல் துண்டில் சாயத்தண்ணீரை மட்டும் விட்டுப் பழகினேன். மூன்று வாரத்தில் எட்டுக்கு ஏழு விழ ஆரம்பித்தது.

இன்னொரு வரி, 96 குழித் தட்டில் எந்தக் குழிவரை விட்டோம் என்பது பாதியில் தொலைந்துவிடுகிறது என்பது. நிறமில்லாத திரவம், எல்லாக் குழியும் ஒரே மாதிரி, யாராவது கூப்பிட்டால் போச்சு. இதற்கு டெக்னீஷியன் சொன்ன வழி எவ்வளவு எளிது பாருங்கள். பைப்பெட் நுனிகள் வருகிற பெட்டியிலும் அதே 8க்கு 12 வரிசைதான். புதுப் பெட்டியை எடுத்து, எந்தக் குழியில் விடப் போகிறாயோ அதே இடத்து நுனியை எடு. பெட்டியில் எங்கே காலியாக இருக்கிறதோ தட்டில் அதுவரை முடிந்தது என்று அர்த்தம். இதற்கு யாரும் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. என் பிரச்சினை இன்னதென்று அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நடைபாதை ஓரத்து மேசையிலிருந்து சுவரை ஒட்டிய கடைசி மேசைக்கு மாற்றினார்கள், யாரும் இடிக்காமல் இருக்க. வாயால் சொல்லும் செய்முறையை முதல் நாளே எழுதிக் கொடுக்கச் சொன்னேன், ராத்திரி அறையில் வெறும் கையாலேயே ஒரு தடவை செய்து பார்த்துவிட்டுப் போவேன், நாட்டியம் பழகுகிறவர்கள் அடவு போட்டுப் பார்க்கிற மாதிரி. லேப் நோட்டைத் தட்டச்சு செய்ய அனுமதித்தார்கள். வகுப்பறை மாறினால் குறுஞ்செய்தி வர ஏற்பாடு, ஏனென்றால் புதுக் கட்டடத்தில் வழி தேடியே நான் பாதி வகுப்பைத் தொலைத்திருக்கிறேன். எல்லாமே கிடைத்துவிடவில்லை. ஒருவர் வருடம் முழுக்க ஸ்லைடுகளை வகுப்புக்கு ஐந்து நிமிடம் முன்னால்தான் அனுப்பினார், நான்கு தடவை எழுதியும் மாறவில்லை.

லேப் மதிப்பெண் போடும் பேராசிரியர் ஒரு நேர்மையான கேள்வி கேட்டார். செய்முறைப் பாடத்தில் கை வேலைக்குத்தானே மதிப்பெண், அதையே மாற்றிக் கொடுத்தால் மற்றவர்களுக்கு நியாயமா? எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்வி உறுத்திக்கொண்டுதான் இருந்தது. பதிலை ஆலோசகர் சட்டத்திலிருந்து காட்டினார். பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி பல்கலைக்கழகங்கள் நியாயமான மாற்றங்களைச் செய்து தந்தாக வேண்டும். ஒரு விலக்கு உண்டு. அந்தப் படிப்புக்கு உண்மையிலேயே தேவையான திறன் எதுவோ, அந்தத் தரத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்க முடியாது. ஆனால் அந்தத் திறன் இருக்கிறதா என்று எந்த வழியில் சோதிக்கிறார்கள் என்பது வேறு விஷயம், அதை மாற்றலாம். பாடக் கையேட்டைத் திறந்து பார்த்தோம். பரிசோதனையை வடிவமைத்தல், முடிவைப் படித்து விளக்குதல், பிழை எங்கே வந்தது என்று கண்டுபிடித்தல் என்றுதான் இருந்தது. கட்டைவிரலால் அழுத்தும் பைப்பெட்டில்தான் செய்ய வேண்டும் என்று எங்கேயும் இல்லை. பேராசிரியர் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, சரி, நீ சொல்வது நியாயம்தான் என்றார். கைத்திறனே தரமாக இருக்கிற படிப்புகளும் உண்டு, அறுவை சிகிச்சைப் பயிற்சி மாதிரி. அங்கே இந்த வாதம் எடுபடாது, எடுபடவும் கூடாது. என் படிப்பு அப்படிப்பட்டது இல்லை.

தரம் வேறு, சோதிக்கும் வழி வேறு என்ற இந்த வித்தியாசத்துக்காக அங்கே ஒரு குடும்பம் நீதிமன்றம்வரை போயிருக்கிறது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்த நடாஷா ஏப்ரஹார்ட்டுக்குச் சமூகப் பதற்றம் இருந்தது. லேப் பாடத்தில் வாய்மொழியாகப் பேசித்தான் மதிப்பெண் வாங்க வேண்டும் என்ற நிலையில் 2018இல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பல்கலைக்கழகம் மாற்று ஏற்பாடு செய்யத் தவறியது என்று 2022இல் வந்த தீர்ப்பை 2024இல் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. அதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு படிவம் தாமதமாவதும், வேறு வழி இருந்தும் யாரும் தராமல் இருப்பதும் அலுவலகத்துக்கு ஒரு கோப்பு, இந்தப் பக்கம் இருப்பது ஒரு பிள்ளை.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் குழம்புகிறார்கள். என் யாழ்ப்பாணத் தோழிக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை. இங்கிலாந்தின் உள்நாட்டு மாணவர்களுக்கு மாற்றுத்திறனாளி மாணவர் உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது. பெற்றோர் வருமானத்தைப் பார்ப்பதில்லை, திருப்பிக் கட்ட வேண்டியதும் இல்லை, 2025-26 கல்வியாண்டில் வருடத்துக்கு 27,783 பவுண்டு வரை. பெரும்பாலும் கையில் பணமாகத் தர மாட்டார்கள், தேவையை மதிப்பிட்டு அதற்கான பொருளும் ஆளும் ஏற்பாடு செய்வார்கள். பேசினால் தட்டச்சு செய்யும் மென்பொருள், வகுப்பை ஒலிப்பதிவு செய்து குறிப்பெடுக்கும் மென்பொருள், வாரம் ஒரு மணி நேரம் படிப்பைத் திட்டமிடக் கூடவே உட்காரும் பயிற்றுநர் என்று அவளுக்கு வந்தது. கணினி வாங்கினால் முதல் 200 பவுண்டு நம்முடையது. வெளிநாட்டு மாணவர்களுக்கு இந்த உதவித்தொகை கிடையாது. ஆனால் சமத்துவச் சட்டம் நம்மையும் சேர்த்துத்தான் காக்கிறது, பாஸ்போர்ட் எந்த நாடு என்று அது கேட்பதில்லை. ஆகவே உதவித்தொகை இல்லை என்றால் உதவியே இல்லை என்று திரும்பி வந்துவிடாதீர்கள். பல்கலைக்கழகம் தன் செலவில் செய்து தர வேண்டியவை எவை என்று கேளுங்கள். எனக்கு அப்படி ஒரு பயிற்றுநர் ஆறு வாரம் கிடைத்தார், துறைப் பணத்தில்.

கோடையில் மறுதேர்வு. சின்ன அறை, நான்கு பேர், முன்னால் ஒரு கணினி. இரண்டு மணி நேரத்துக்கு இரண்டரை மணி நேரம். மூன்று கட்டுரையும் எழுதி முடித்து, திரும்பப் படித்தும் பார்த்தேன். விடைத்தாளைத் திரும்பப் படிப்பது எனக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. 68 வந்தது.

ஊர் திரும்பி ஒரு வருடம் ஆகிறது. வந்ததும் நான் தேடிப் பார்த்தது நம் நாட்டுச் சட்டம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏழாக இருந்த குறைபாடுகளின் பட்டியலை 21 ஆக்கியது. அதன் அட்டவணையில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள் என்ற தலைப்பின் கீழ் டிஸ்லெக்ஸியா, டிஸ்கிராஃபியா (எழுதுவதில் சிக்கல்), டிஸ்கால்குலியா (கணக்கில் சிக்கல்) என்று வந்து, அடுத்து டிஸ்ப்ராக்ஸியா என்றே பெயர் சொல்லி இருக்கிறது. நான் அரியர் எழுதிக்கொண்டிருந்த நாளிலேயே அந்தச் சொல் நம் சட்டத்தில் அச்சாகி இருந்திருக்கிறது. எங்கள் கல்லூரியில் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது.

உயர்கல்வியில் இடஒதுக்கீட்டுக்கு 40 சதவீதக் குறைபாடு என்ற சான்றிதழ் வேண்டும், அது பலருக்கும் கிடைக்காது. சட்டத்தில் இருக்கிற விளக்கமே மொழியைக் கையாளுவதில் குறை என்றுதான் தொடங்குகிறது. என்னை மாதிரி வாசிக்க நன்றாக வருகிறவர்கள், கை மட்டும் வராதவர்கள், அந்த விளக்கத்துக்குள் சுலபமாக அடங்க மாட்டார்கள் என்பது என் கவலை. ஆனால் தேர்வு எழுதுவதற்கு வேறு வழி திறந்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடு உள்ள ஒருவருக்கு, 40 சதவீதம் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி, அவர் சொல்லச் சொல்ல எழுதித் தரும் ஆளை மறுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதைத் தொடர்ந்து 2022 ஆகஸ்டில் மத்திய அரசின் வழிகாட்டுதல் வந்தது. 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் எழுதுவதில் சிரமம் இருப்பதாக அரசு மருத்துவச் சான்று இருந்தால், எழுத ஆளும், மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரமும் கேட்கலாம் என்று அது சொன்னது. கல்லூரி அலுவலகத்துக்குப் போகும்போது இப்போது நடப்பில் இருக்கிற வழிகாட்டுதலை அச்செடுத்துக் கையோடு கொண்டு போங்கள், வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

சித்தி மகன் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கிறான். போன மாதம் வீட்டுக்கு வந்தவன் தண்ணீர் டம்ளரை மேசை விளிம்பில் வைத்தான், விழுந்தது. சித்தி திட்ட வாயெடுத்தார், அம்மா சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் பேசிப் பார்த்தோம். கிராஃபிக்ஸ் அரியர் அவனுக்கும் இருக்கிறது. என்னிடம் தனியாக வந்து, "அக்கா, நானும் அலட்சியமாத்தான் இருக்கேனோன்னு நெனச்சேன்" என்றான். அவனுக்கும் அதேதானா என்று நான் சொல்ல முடியாது, மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை அரசு மருத்துவமனைக்குப் போகிறோம். போவதற்கு முன் ஒரு வாரம் என்ன வரவில்லை என்று செல்போனில் பேசிப் பதியச் சொல்லியிருந்தேன். நேற்று ராத்திரி அனுப்பினான், பதினொரு வரி. முதல் வரி இது: "டிராஃப்டரை அழுத்திப் பிடிக்கும்போது கோடு போடுற கையை மறந்துபோறேன், கோடு போடும்போது பிடிச்சிருக்கிற கையை மறந்துபோறேன்."